டாக்டர் பாஸ்கரனின் அத்தைகள்

1

நாங்கள் இங்கிலாந்துக்கு வந்து இந்த மாதத்தோடு மூன்று வருஷம் ஆகிறது. போன இரண்டு வருஷமும் இந்த நாளை நானும் என் கணவர் ரகுவும் பாயசம் வைத்துக் கொண்டாடினோம். இந்தத் தடவை பாயசம் கிடையாது. ரகுவின் பித்தப்பையைக் கல்லோடு சேர்த்து எடுத்து ஒரு வாரம்தான் ஆகிறது. நெய் டப்பாவை அவர் எட்டிப் பார்க்கக்கூட நான் விடுவதில்லை. பாயசத்துக்குப் பதிலாக இந்த வருஷம் என் மானத்தை நானே வாங்கிக்கொண்டேன்.

நடந்ததைச் சொல்கிறேன். ரகு வீட்டுக்கு வந்த மறுநாள், சென்னையிலிருந்து கொண்டுவந்திருந்த வெள்ளிக் கிண்ணம் ஒன்றைப் பளபளவென்று துலக்கினேன். ஆப்பிள், ஆரஞ்சு, ஒரு பாக்கெட் பாதாம் எல்லாவற்றையும் ஒரு தட்டில் அடுக்கினேன். பட்டுப்புடவை கட்டிக்கொண்டு, அதன்மேல் குளிருக்குக் கோட்டும் போட்டுக்கொண்டு, ஆபரேஷன் செய்த சர்ஜனைப் பார்க்கப் போனேன். என் பெண் அபிக்குப் பதின்மூன்று வயது. வரமாட்டேன் என்று சொல்லிக்கொண்டே கூட வந்தாள். வெற்றிலை பாக்கு கிடைக்கவில்லையே என்பது ஒன்றுதான் என் குறை.

சர்ஜன் நெடுநெடுவென்று உயரம், கூச்ச சுபாவம். தட்டைப் பார்த்ததும் ஓர் அடி பின்னால் நகர்ந்தார். "நானும் டாக்டர் என்ற மரியாதைக்காக எங்களிடம் நீங்கள் ஃபீஸ் வாங்கவில்லை. அதை நாங்கள் மறக்கமாட்டோம்" என்று, பஸ்ஸில் ஒத்திகை பார்த்துக்கொண்டு போனதைச் சொன்னேன். அவர் என்னைப் பார்த்தார், அபியைப் பார்த்தார், உதவிக்கு யாராவது வருகிறார்களா என்று வாசலையும் பார்த்தார்.

"நான் யாரிடமும் வாங்குவதில்லையே. நீங்கள் டாக்டர் என்பதே எனக்கு இப்போதுதான் தெரியும்" என்றார்.

எனக்குத் தெரியாதா என்ன? இந்த நாட்டில் வைத்தியச் செலவு அரசாங்கத்துடையது. அதே மாதிரி ஒரு ஆஸ்பத்திரியில்தான் நானும் வேலை பார்க்கிறேன். என்னிடம் வருகிற யாரிடமாவது நான் ஒரு பைசா வாங்கியிருக்கிறேனா? இருந்தாலும் சொந்தக் கணவன் கட்டிலில் கிடந்தபோது, எனக்குள் இருந்த மந்தைவெளி டாக்டரம்மா எழுந்துகொண்டுவிட்டாள். பழங்களை வார்டு நர்சுகள் எடுத்துக்கொண்டார்கள். கிண்ணத்தை வாங்கினால் மேலிடத்துக்கு எழுதிக் கொடுத்து, மேலிடம் யோசித்து, பிறகு அதைத் திருப்பித் தந்துவிட வேண்டுமாம். அதனால் நான் கேட்டுக்கொள்ளாமலேயே கிண்ணம் என் பைக்குள் திரும்பி வந்துவிட்டது.

"லஞ்சம் குடுக்கப் பாத்தே, அம்மா" என்று பஸ்ஸில் அபி இங்கிலீஷில் சொன்னாள். அவளுக்கு இப்போதெல்லாம் கோபம் இங்கிலீஷில்தான் வருகிறது. பசி மட்டும் இன்னும் தமிழில் வருகிறது. அதுவரைக்கும் சந்தோஷம்.

2

வீட்டில் ஒரு டாக்டர் இருக்கிறவர்களுக்கு நான் ஏன் அப்படிச் செய்தேன் என்று சொல்லத் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. டாக்டரிடம் டாக்டர் காசு வாங்கமாட்டார். டாக்டரின் அம்மா, அப்பா, மாமனார், நாத்தனார், ஒன்றுவிட்ட அத்தை யாரிடமும் வாங்கமாட்டார். எங்கேயும் எழுதிவைத்த சட்டம் இல்லை. ஃபோனை எடுத்து, "சார், எங்க அத்தையை அனுப்பறேன்" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அத்தை க்யூவில் உட்காரமாட்டாள். தீபாவளிக்கு ஒரு டப்பா ஸ்வீட், அவர்கள் வீட்டுக் கல்யாணத்துக்கு ஒரு வெள்ளிக் கிண்ணம். அதோடு சரி.

மந்தைவெளியில் பதினைந்து வருஷம் பொது வைத்தியம் பார்த்தவள் நான். அபி பிறந்தது மயிலாப்பூரில், கூடப் படித்த சிநேகிதியின் நர்சிங் ஹோமில். அப்பாவின் கண் ஆபரேஷன் தி. நகரில். அம்மா கடைசி நாட்களில் படுத்திருந்தது அடையாறில். எங்கேயும் யாரும் என் முன்னால் பில் நீட்டியதில்லை. உடம்பு சரியில்லையென்றால் உடம்பைப் பற்றி மட்டும் கவலைப்பட்டால் போதும் என்கிற பெரிய சௌகரியத்தில் நான் வாழ்ந்துகொண்டிருந்தேன். அதைச் சௌகரியம் என்றே நினைத்ததில்லை. காற்று மாதிரி அது பாட்டுக்கு இருந்தது.

3

பாஸ்கரன் என்னோடு மருத்துவக் கல்லூரியில் படித்தவன். என் கிளினிக்கிலிருந்து இரண்டு தெரு தள்ளி அவன் கிளினிக். ஒல்லி உடம்பு, தடித்த கண்ணாடி. ஜோக் சொன்னால் தான் சிரிக்கமாட்டான். அடையாற்றங்கரைக் குடிசைகளிலிருந்தும் பட்டினப்பாக்கம் குப்பத்திலிருந்தும் அவனிடம் கூட்டம் கூட்டமாக வருவார்கள். காய்ச்சல், இருமல், காயம் எல்லாவற்றையும் அவனே பார்த்துவிடுவான். ஆபரேஷன் என்று வந்தால்தான் சங்கடம். அரசாங்கப் பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுப்பான். அங்கே வராந்தாவில்கூட இடமில்லாத கூட்டம். இரண்டு நாள் பிழைப்பை விட்டுவிட்டுக் காத்திருந்து, மூன்றாம் நாள் வலியோடு அவனிடமே திரும்பி வருவார்கள்.

ஒருநாள் அவன் ஃபோனை எடுத்தான். "சார், எங்க அத்தையை அனுப்பறேன்" என்றான். அது நிஜ அத்தை இல்லை.

அப்புறம் அவன் நிறுத்தவே இல்லை. அவ்வளவு சீக்கிரம் யாருக்கும் குடும்பம் பெருகியதில்லை. மயிலாப்பூரில் அத்தை, ஆழ்வார்பேட்டையில் சித்தி, பெசன்ட் நகர் எலும்பு டாக்டரிடம் மூன்று பெரியப்பா. "உங்க தாத்தா ரொம்ப சுறுசுறுப்பான மனுஷன் போல" என்று நான் கேலி செய்வேன். "பாவம், போய்ச் சேர்ந்துட்டார். இல்லேன்னா இன்னும் ரெண்டு சித்தப்பா தேறியிருக்கும்" என்பான், முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல்.

மாட்டிக்கொண்டது முனியம்மா விஷயத்தில். மந்தைவெளியில் வீடு வீடாக மீன் விற்கிற பெண்பிள்ளை. இப்போது ரகுவுக்கு வந்த அதே பித்தப்பைக் கல். பாஸ்கரன் அவளை டாக்டர் ரங்காச்சாரியிடம் அனுப்பினான். ரங்காச்சாரி மயிலாப்பூர்க்காரர், தி. நகரில் நர்சிங் ஹோம் வைத்திருந்த சர்ஜன், எங்கள் வட்டார டாக்டர்கள் சங்கத்தின் தலைவர். அவர் கையெழுத்தைத் தவிர மற்ற எல்லாமே திருத்தமாக இருக்கும். என் பேஷண்ட் ஒருவரைப் பார்க்கப் போயிருந்ததால் அன்று நானும் அந்த வார்டில் இருந்தேன்.

"பாஸ்கரன் ஒங்களுக்கு என்ன வேணும்?" என்று ரங்காச்சாரி கேட்டார்.

"அண்ணன் புள்ள சார்" என்றாள் முனியம்மா, சொல்லிக்கொடுத்தபடி.

"அண்ணா பேர் என்ன?"

இதைப் பாஸ்கரன் சொல்லிக்கொடுக்கவில்லை. அவள் என்னைப் பார்த்தாள். நான் ஜன்னலைப் பார்த்தேன். "முருகேசன்" என்றாள்.

பாஸ்கரனின் அப்பா சீனிவாசன், கல்லூரியில் கணக்குச் சொல்லிக்கொடுத்து ரிட்டயர் ஆனவர். தினமும் காலையில் ரங்காச்சாரியோடு சேர்ந்து பார்க்கில் நடக்கிறவர். "அப்போ சீனிவாசன் யாரும்மா?" என்றார் ரங்காச்சாரி.

"அவுரு வேற அண்ணன் சார். எனுக்கு அண்ணன்மாருங்க நெறைய பேரு கீறாங்க."

ரங்காச்சாரி கேஸ் ஷீட்டில் ஏதோ எழுதிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார். மறுநாள் ஆபரேஷனைச் செய்தார், காசும் கேட்கவில்லை. உடம்பு தேறியதும் முனியம்மா நன்றி மறக்காமல் ஒரு முழு வஞ்சிரத்தைக் கூடையில் வைத்துக்கொண்டு மயிலாப்பூரில் அவர் வீட்டு வாசலில் போய் நின்றாள். அவர் மனைவி பதறிப்போய், "எங்காத்துல இதெல்லாம் தொடமாட்டோம்மா, எடுத்துண்டு போ" என்றார்களாம். "இன்னாம்மா, காலைல புடிச்சது, துள்ளிக்கினு கீது" என்று இவள் மன்றாடியிருக்கிறாள். கடைசியில் போய்விட்டு, ஒரு கூடை மாங்காயோடு திரும்பி வந்தாளாம். அதை அவர்களால் வேண்டாம் என்று சொல்ல முடியவில்லை.

4

விஷயம் பரவிவிட்டது. ஸ்பெஷலிஸ்டுகள் ஒருவரோடு ஒருவர் பேசி, தங்களிடம் வந்துபோன அத்தைகளை ஒப்பிட்டுப் பார்த்துக்கொண்டார்கள். தோல் டாக்டர் ஒருவருக்குத்தான் கோபம் அதிகம். அடுத்த பொதுக்குழுவில் அவர் ஒரு தீர்மானம் கொண்டுவருவதாக அறிவிப்பு வந்தது. டாக்டர் குடும்பம் என்றால் கணவன் அல்லது மனைவி, பெற்றோர், பிள்ளைகள் மட்டும். பொய் உறவு சொல்லி நோயாளியை அனுப்புகிறவரைச் சங்கம் கண்டிக்கும். பெயர் போடவில்லையே தவிர யாரைச் சொல்கிறார்கள் என்று எல்லோருக்கும் தெரியும்.

பாஸ்கரன் என் கிளினிக்குக்கு வந்து ஸ்டூலில் உட்கார்ந்தான். அப்போது அவன் கையில் ஒரு சித்தப்பா இருந்தார். சிகாமணி என்று குப்பத்தில் படகு இழுக்கிறவர். ஹெர்னியாவில் குடல் இறங்கி, நடக்கவே கஷ்டப்பட்டுக்கொண்டிருந்தார். அது என்றைக்கு வேண்டுமானாலும் சிக்கிக்கொண்டு உயிருக்கு ஆபத்தாகலாம்.

"மன்னிப்பு கேட்டுட்டா இந்தத் தடவை விட்டுடுவாங்க, நளினி. எல்லாரும் அதைத்தான் சொல்றாங்க. ஆனா இது பாஸாயிட்டா என் ஃபோனை எவனும் எடுக்கமாட்டான். அப்புறம் சிகாமணியை எங்க அனுப்பறது?"

"சங்கத்துல சண்டை போடப் போறியா?"

"குடும்பம்னா யாருன்னு அவங்கதானே கேக்கறாங்க? பதில் சொல்லிடுவோம்."

அன்று மத்தியானம் நாங்கள் இருவரும் அந்தத் தீர்மானத்துக்குப் பதிலாக ஒரு திருத்தத் தீர்மானம் எழுதினோம். பணம் இருக்கிறதா என்று பார்க்காமல் எல்லோருக்கும் வைத்தியம் கிடைக்க வேண்டும். அந்தப் பொறுப்பை வரிப்பணத்திலிருந்து அரசாங்கம் ஏற்க வேண்டும். டாக்டர்களாகிய நாங்கள் அதற்குத் துணை நிற்போம். இவ்வளவுதான். அவன் முன்மொழிவது, நான் வழிமொழிவது.

அதற்கப்புறம் ஞாயிற்றுக்கிழமைகளில் அவன் ஸ்கூட்டரிலும் நான் என் கைனடிக் ஹோண்டாவிலும் ஒவ்வொரு கிளினிக்காக ஏறி இறங்கினோம். ஊசி போட்டுக்கொண்டே பேசினார்கள், பிரிஸ்க்ரிப்ஷன் எழுதிக்கொண்டே தலையாட்டினார்கள். அநேகமாக எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள். "நல்ல விஷயம்தான். ஆனா ரங்காச்சாரி சார் என்ன நினைப்பார்?" அது எங்களுக்கும் தெரியாது. ஆழ்வார்பேட்டையில் ஒரு வயதான டாக்டர் மட்டும் மோர் கொடுத்து உட்கார வைத்து, "இத்தனை வருஷமா இதை யாராவது கேக்க மாட்டாங்களான்னு இருந்தேன்" என்றார். அந்த ஒரு டம்ளர் மோரில் மூன்று வாரம் ஓட்டினோம்.

ஒரு காரியத்தில் மட்டும் சாமர்த்தியமாக இருந்தோம். எங்கள் சங்கக் கூட்டத்துக்குப் பொது வைத்தியர்கள் நேரத்துக்கு வரமாட்டார்கள். கிளினிக்கை மூடிவிட்டு, மருந்துக் கம்பெனி போடுகிற சாப்பாட்டுக்குச் சரியாக வந்து சேர்வார்கள். அவர்கள்தான் எங்கள் ஜனம். அதனால் எங்கள் விஷயத்தைக் கடைசியில், சாப்பாட்டுக்கு முன்னால் வைக்கும்படி செயலாளரிடம் கெஞ்சி வாங்கினோம்.

5

இங்கே ரகுவின் ஆபரேஷனுக்கு நாங்கள் ஏழு மாதம் காத்திருந்தோம். அதையும் சொல்லாமல் விட்டால் நியாயமில்லை. இடையில் ஒருநாள் பொறுக்கமாட்டாமல் சர்ஜனின் செக்ரட்டரிக்கு ஃபோன் செய்து, நான் டாக்டர், அவர் என் கணவர் என்றேன். நம் ஊரில் கதவு திறக்கிற மந்திரம் அது. "ரொம்ப சந்தோஷம் கண்ணு. உங்கள் கணவர் பெயர் வரிசையில் இருக்கிறது" என்றாள் அந்த அம்மாள், நிஜமாகவே சந்தோஷமாக. வலி அதிகமானால் உடனே கூப்பிடச் சொன்னாள். வலி அதிகமான அன்று உடனே சேர்த்துக்கொண்டார்கள். பக்கத்துக் கட்டிலில் ஒரு பஸ் டிரைவர். அவருக்கும் அதே சர்ஜன், அதே கஞ்சி மாதிரியான சூப்.

இந்த ஊர் எனக்கு எல்லாவற்றையும் தங்கத் தட்டில் வைத்துத் தரவில்லை. பதினைந்து வருஷத் தொழிலைத் தூக்கிப் பரண்மேல் போட்டுவிட்டு, மறுபடி பரீட்சை எழுதி, என்னைவிடச் சின்னவர்களுக்குக் கீழே வேலை பார்க்கிறேன். வந்த புதிதில் பாங்க் கணக்கு திறக்க விலாசத்துக்கு அத்தாட்சி கேட்டார்கள். விலாசத்துக்கு வீடு வேண்டும், வீட்டுக்காரன் பாங்க் கணக்கு கேட்டான். ஒரு கிழவரிடம் "லூஸ் மோஷன் உண்டா?" என்று கேட்டேன், அவர் தன் கை கால்களை ஆட்டிக் காட்டினார். இவ்வளவுக்கும் நடுவில் காலையில் ஆஸ்பத்திரிக்குள் நுழையும்போதெல்லாம் எனக்கு நன்றியாகத்தான் இருக்கிறது. இதையும் யாரோ சிலர் என்றைக்கோ உட்கார்ந்து பேசி, சண்டை போட்டு, கை தூக்கித்தானே கொண்டுவந்திருப்பார்கள்? அதில் டாக்டர்களும் இருந்திருப்பார்கள். மன்னிப்பு கேட்டுவிடு என்று அவர்களுக்கும் நாலு பேர் சொல்லியிருப்பார்கள்.

6

பொதுக்குழு லஸ் பக்கம் ஒரு பள்ளிக்கூட ஹாலில் நடந்தது. அப்போது ஊருக்குப் பெயர் இன்னும் மெட்ராஸ்தான். மேடையில் ரங்காச்சாரி. முன் வரிசையில் ஸ்பெஷலிஸ்டுகள். எங்கள் ஜனம் ஒவ்வொருவராக வந்து, சாம்பார் வாசனை வருகிற பக்கமாகப் பின் வரிசையில் உட்கார்ந்தார்கள்.

தோல் டாக்டர் தன் தீர்மானத்தைப் படித்தார். பாஸ்கரன் ஏதாவது சொல்ல விரும்புகிறானா என்று ரங்காச்சாரி கேட்டார். மன்னிப்புக்கான இடம் அது. ஹாலே திரும்பிப் பார்த்தது.

"முனியம்மா எங்க அத்தை இல்லை" என்றான் பாஸ்கரன். "பொய்தான் சொன்னேன். வேற எப்படி அனுப்பறதுன்னு எனக்குத் தெரியலை. நமக்கு ஒரு கஷ்டம்னா நாம ஒருத்தருக்கொருத்தர் செஞ்சுக்கறோம், அது நல்ல வழக்கம். அதை ஏன் சின்னதாக்கணும்? பெருசாக்குவோம்னு சொல்றேன்." திருத்தத்தைப் படித்துவிட்டு உட்கார்ந்தான். காகிதத்தைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டான்.

நான் வழிமொழிந்தேன். உடனே ஆளாளுக்குப் பேச ஆரம்பித்தார்கள். அரசாங்கம் நம்மைக் குமாஸ்தா ஆக்கிவிடும் என்றார் ஒருவர். பணம் எங்கிருந்து வரும் என்றார் இன்னொருவர். அது நியாயமான கேள்வி, அதற்கு எங்களிடம் முழுப் பதில் இல்லை. அப்புறம் தோல் டாக்டர் எழுந்து, "ஓசியில கெடைச்சா எதுக்கும் மதிப்பு இருக்காது சார். காசு குடுத்தாத்தான் அருமை தெரியும்" என்றார். முன் வரிசை கை தட்டியது.

எனக்கு மேடைப் பேச்சு வராது. எப்படி எழுந்தேன் என்று தெரியவில்லை. "எனக்கு ஒரு பொண்ணு இருக்கா. இதே மயிலாப்பூர்ல பிறந்தா. ரெண்டு நாள் வலி, கடைசியில சிசேரியன். டாக்டர் வீட்டுப் பிரசவம்னு யாரும் ஒரு பைசா வாங்கலை. ஓசியில கெடைச்சவதான். அவ அருமை எனக்குத் தெரியாதுன்னு சொல்றீங்களா சார்?" என்றேன்.

அந்த ஹாலில் அநேகம் பேர் அப்படி ஓசியில் பிள்ளை பெற்றவர்கள், அல்லது தாங்களே ஓசியில் பிறந்தவர்கள். பின் வரிசையில் யாரோ தொண்டையைச் செருமினார்கள். தோல் டாக்டருக்கு இரட்டைப் பெண்கள், அபி பிறந்த அதே நர்சிங் ஹோமில் பிறந்தவர்கள். அவர் உட்கார்ந்துவிட்டார்.

கை தூக்கச் சொன்னார் ரங்காச்சாரி. முன் வரிசையில் ஒன்றிரண்டு, பின்னால் நிறைய. அவர் ஒருமுறை எண்ணினார், கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் எண்ணினார். தலைவர் என்பதால் அவர் கை தூக்கவில்லை. அவர் மனதில் என்ன இருக்கிறது என்று முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. "திருத்தம் நிறைவேறித்து" என்று மட்டும் சொல்லிவிட்டுச் சாப்பிடப் போகச் சொன்னார். ஏழெட்டுக் கைதான் வித்தியாசம்.

அதனால் நாடு மாறிவிடவில்லை. தீர்மானம் மேல் சங்கத்துக்குப் போனது, பெற்றுக்கொண்டோம் என்று பதில் வந்தது. அடுத்த வருஷம் அடையாறு சங்கத்தாரும் தி. நகர் சங்கத்தாரும் அதேபோல் ஒன்றை நிறைவேற்றினார்கள். அதற்குள் ரகுவுக்கு இங்கே வேலை கிடைத்து நான் கிளம்பிவிட்டேன். பாஸ்கரன் அங்கேயே இருக்கிறான், இப்போது சங்கத்தின் செயலாளர். இன்னமும் ஒவ்வொரு கூட்டத்திலும் அதே விஷயத்தைக் கடைசியில், சாப்பாட்டுக்கு முன்னால் வைக்கிறானாம். அவனோடு சேர்ந்து அன்று எழுந்து நின்றேன் என்பதற்காக இந்த வாழ்க்கைக்கு நான் நன்றி சொல்ல வேண்டும்.

அன்றைக்குச் சாப்பாடு எங்கள் இருவருக்கும் இறங்கவில்லை. ஜெயித்தது ஜெயித்தோம், ஆனால் ரங்காச்சாரியின் தலைமையிலேயே ஸ்பெஷலிஸ்டுகளைத் தோற்கடித்துவிட்டு நாளைக்கு அவரிடமே எந்த முகத்தோடு ஃபோன் செய்வது? சிகாமணி வீட்டில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு படுத்திருந்தார். கை கழுவிக்கொண்டு வெளியே வந்தபோது, கார் பக்கத்தில் ரங்காச்சாரி நின்றுகொண்டிருந்தார். எங்களைக் கை காட்டிக் கூப்பிட்டார். பாஸ்கரன் பள்ளிக்கூடப் பையன் மாதிரி போய் நின்றான்.

"கையில வேற ஆராவது இருக்காளா?" என்றார்.

"ஒருத்தர் இருக்கார் சார். ஹெர்னியா. வந்து, அவர் எங்க..."

"வேண்டாம்" என்று கையைத் தூக்கி நிறுத்தினார் ரங்காச்சாரி. "சித்தப்பான்னெல்லாம் சொல்லிண்டு அனுப்பாதே. காலம்பற ஏழு மணிக்கு வரச் சொல்லு. பேஷண்ட்னு சொல்லு. அது போறும்."